பைச்சிலந்திக்குப் பெயர் வந்த வரலாறு



பிற மாநிலத்தில் வாழும் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது, பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே அது. ஊர் தெரிந்துவிட்டால் உறவு தெரிந்துவிடும். பேச்சு தானே வளரும். உயிர்நூல் வல்லாரும் தம் கைக்கு வந்த ஒரு சிற்றுயிரை நோக்கி இதே கேள்வியைத்தான் முதலில் எழுப்புகின்றனர். ஊர் எழுதப்படாத உயிருக்கு அவர்கள் உறுதியாகப் பெயர் சொல்லத் தயங்குவர். அத்தகைய ஒரு சிற்றுயிரின் பெயர் வரலாற்றை இன்று நாம் காண்போம். அதன் பெயர் பைச்சிலந்தி. பாலக்காட்டிலும் இடுக்கியிலும், தமிழகமும் கேரளமும் தோளோடு தோள் உரசி நிற்கும் மலையோரங்களில் அது வாழ்கிறது.

சிலந்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது வலை. திருவானைக்காவில் இறைவன் திருமேனிமீது சருகு விழாதபடி வலைப்பந்தர் இட்ட சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்னும் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் எல்லாச் சிலந்தியும் வலை விரித்து இரைக்குக் காத்திருப்பதில்லை. பைச்சிலந்தி வலை கட்டி வேட்டையாடுவதே இல்லை. பகலில் இலையை மடித்தோ சுருட்டியோ, உள்ளே வெண்பட்டு இழைகளால் ஒரு சிறு பையை நெய்து அதில் உறங்குகிறது. இரவில் வெளியே வந்து இலைகள்மீது ஓடித் திரிந்து இரை பிடிக்கிறது. அப்பையைக் கொண்டே அதற்கு இப்பெயர் அமைந்தது. பெரும்பாலும் வெளிர்மஞ்சள் அல்லது வைக்கோல் நிறம். உடல் நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவு அல்லது அதற்கும் குறைவு. கண்டவர் கண்ணில் நிற்கத்தக்க புள்ளியோ கோடோ அதனிடம் மிகுதியாக இல்லை.

எல்லைப்புற மக்களுக்கு இது புதிய பிராணியன்று. சித்தூர் வட்டத்து உழவரும், தேவிகுளம், பீர்மேடு மலைகளின் தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளரும் இத்தகைய சுருண்ட இலைகளை நாள்தோறும் காண்பவரே. தமிழர் 'எட்டுக்கால் பூச்சி' என்பர். மலையாளத்தார் 'எட்டுகாலி' என்பர். இருவரும் 'சிலந்தி' என்றும் சொல்வர். மக்கள் மொழியில் ஒரே சொல்லில் அடங்கிவிடும் இவ்வுயிர், அறிவியலில் ஒரு சொல்லில் அடங்குவதில்லை. ஒன்று போலவே தோன்றும் பைச்சிலந்திகளுள் பல சிற்றினங்கள், பல பேரினங்கள், ஏன், பல குடும்பங்களே உண்டு. அவற்றைப் பிரித்தறிய மனிதர் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் உழைத்துள்ளனர். அவ்வுழைப்பு இன்னும் முடியவில்லை.

இத்தனை சிறிய பிராணிக்குப் பெயர் வைப்பதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். பயன் உண்டு. பைச்சிலந்திகளுள் சில, கையால் அழுத்தப்பட்டால் கடிக்கும்; கடி வலியும் வீக்கமும் தரும்; உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. எது கடிக்கும், எது கடிக்காது என்று தெரியாவிடில் எல்லாவற்றையும் அஞ்சி நசுக்குவதே வழக்கமாகிறது. இன்னொரு பக்கம், பருத்தி வயல்களிலும் பழத்தோட்டங்களிலும் பயிரைத் தின்னும் புழுக்களையும் அந்துப்பூச்சியின் முட்டைகளையும் உண்டு உழவருக்குத் துணை நிற்பவையும் இவையே. யார் நண்பர், யார் பகைவர் என்று அறியாமல் மருந்து தெளித்தால் இருவரும் சேர்ந்தே மடிகின்றனர். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மோட்டார் நிறுவனம் தன் கார்கள் பல்லாயிரத்தைத் திரும்ப அழைத்துச் சோதிக்க நேர்ந்தது. எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் மஞ்சள் பைச்சிலந்தி இழை நெய்து அடைத்துக்கொண்டதே காரணம். எந்தச் சிலந்தி என்று தெரிந்த பின்னரே அதைத் தடுக்கும் வழியும் தோன்றியது.

தாய்மைக்கும் இக்கூட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானில் வாழும் ஒருவகைப் பைச்சிலந்தி, புல் இலையை மடித்துக் கூடு செய்து, அதனுள் முட்டையிட்டுத் தன்னையும் வைத்து மூடிக்கொள்கிறது. குஞ்சுகள் பொரித்து முதன்முறை தோலுரித்த பின் தாயின் உடலையே உணவாகக் கொள்கின்றன. தாய் விலகி ஓடுவதில்லை. நம் மலைகளில் வாழும் அதன் உறவினங்களிலும் இவ்வழக்கம் உண்டா என்பதை, இனத்தைச் சரியாக அறிந்து, கூட்டருகே பொறுமையாகக் காத்திருப்பவரே சொல்ல இயலும். பெயர் தெரியாத உயிரின் வாழ்க்கையை எழுதினால், யாருடைய வாழ்க்கையை எழுதினோம் என்பதே பின்னால் புலப்படாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் என்பதைப் பலரும் அறிவர். விலங்குகளின் பெயர்களுக்கு 1758இல் வெளிவந்த அவரது நூலின் பத்தாம் பதிப்பே தொடக்கம் என்பது உலக வழக்கு. ஆயினும் சிலந்திகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அதற்கு ஓராண்டு முன்னரே, 1757இல், அதே நாட்டவரான கார்ல் கிளெர்க் என்பவர் ஸ்வீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இட்ட பெயர்கள் செம்மையாக இருந்தமையால், அவை மட்டும் லின்னேயஸுக்கு முந்தியவையாயினும் செல்லும் என்று உலகம் ஒப்புக்கொண்டது. இன்று 'க்ளூபியோனா' என்னும் பைச்சிலந்திப் பேரினத்துக்கு அடையாளமாக நிற்கும் சிற்றினமும் கிளெர்க் அந்நூலில் பெயரிட்டதே.

க்ளூபியோனா என்ற பேரினப் பெயரை 1804இல் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய். அவரது வாழ்வில் ஒரு நிகழ்ச்சி பெயரறிவின் மதிப்பை நன்கு காட்டும். அவர் ஒரு பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1790களில், போர்தோ நகரில் சிறைப்பட்டார். சிறையின் தரையில் ஊர்ந்து வந்த ஒரு வண்டை அவர் கூர்ந்து நோக்குவதைச் சிறைக்கு வந்த மருத்துவர் கண்டார். "இது மிக அரிய வண்டு" என்றார் லாத்ரேய். மருத்துவர் அதனை இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபட்ட இளைஞர் ஒருவரிடம் அனுப்பினார். வண்டை அடையாளம் கண்டவர் இன்னார் என்று தெரிந்ததும் அவ்விளைஞர் முயன்று லாத்ரேய்க்கு விடுதலை பெற்றுத் தந்தார். உடனிருந்த கைதிகள் மாண்டனர், அவர் பிழைத்தார். பிழைத்து வந்தவர் பின்னாளில் பைச்சிலந்திக்குப் பெயரிட்டார்.

அக்காலத்தில் நம் நாட்டுச் சிலந்திகள் நம் நாட்டில் பெயர் பெறவில்லை. சாராயக் குப்பிகளில் அடைபட்டுக் கப்பலேறிச் சென்று அயல்நாட்டில் பெயர் பெற்றன. பம்பாயிலிருந்து சென்ற சில பைச்சிலந்திகளுக்கு 1874இல் பெயரிட்டவர் ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ். இவரும் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு சிற்றூர்க் கோயிலில் பணி செய்துகொண்டே உலகெங்கிலுமிருந்து வந்த சிலந்திகளை ஆராய்ந்தார். பாரிஸ் நகரத்து யூஜின் சீமோன் 1892இல் இலங்கைக்கு நேரில் வந்து சிலந்திகளைத் திரட்டினார். மோரிஸ் மைந்த்ரோன் தென்னிந்தியாவில் திரட்டியவற்றை ஆராய்ந்து 1906இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலண்டன் பொருட்காட்சிசாலையில் இருந்த ரெஜினால்டு போக்காக், இந்திய நாட்டுச் சிலந்தி, தேள் முதலியவற்றைப் பற்றி 1900இல் ஒரு பெருநூல் இயற்றினார். இவர்களுடைய உழைப்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அக்காலக் குறிப்புகள் பலவற்றில் உருவப்படம் இல்லை. சிலவற்றில் ஆண் மட்டும், சிலவற்றில் பெண் மட்டுமே கூறப்பட்டுள்ளது. ஊர்ப்பெயர் 'தென்னிந்தியா' என்ற அளவில் நின்றதும் உண்டு. இன்று ஒரு பைச்சிலந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பழைய வரிகளைப் படிப்பவர், பாதி அழிந்த கல்வெட்டைப் படிப்பவர் போலவே திகைக்கின்றனர்.

நாம் எடுத்துக்கொண்ட எல்லைப்புறத்துக்கு ஆய்வாளர் நேரில் வந்த காலம் ஒன்று உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையில் பணிபுரிந்த பிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி, கொச்சி அரசைச் சேர்ந்த பரம்பிக்குளம், கவலை ஆகிய காட்டிடங்களில் தங்கிச் சிற்றுயிர்களைத் திரட்டினார். தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி அரசு 1907 முதல் ஓட்டிய தண்டவாள வண்டிப்பாதை அக்காட்டினூடே சென்றது; அப்பாதை 1963இல் மூடப்பட்டது. காடர், மலசர், முதுவர் முதலிய மலைவாழ் மக்களின் உறைவிடம் அது. எந்தக் காலத்து ஆராய்ச்சியாளரும் இம்மக்களின் வழிகாட்டுதல் இன்றி அக்காட்டில் நடமாடியிருக்க இயலாது. ஆயினும் குப்பியின்மேல் ஒட்டிய சீட்டில் அவர்கள் பெயர் ஏறியதில்லை.

கிரேவ்லி தம் சீட்டுகளில் எழுதியவை சிலவே: இடத்தின் பெயர், கடல்மட்டத்துக்கு மேல் 1,700 முதல் 3,200 அடி வரை என்ற உயரம், நாள், திரட்டியவர் பெயர், அரசின் பெயர். ஆயினும் அச்சில வரிகளே நூறாண்டுக்குப் பின்னும் உயிர்நூலார்க்குக் கைவிளக்காக உள்ளன. 1920இல் அவர் சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் பொருட்காட்சிசாலையின் தலைவராகி, 1940 வரை அப்பதவியில் இருந்தார். சென்னைவாசிகள் அந்நாளில் 'செத்த காலேஜ்' என்று அழைத்த இடம் அதுதான். டி. என். ராமச்சந்திரனுடன் சேர்ந்து, அங்குள்ள நம் கோயில் செப்புத் திருமேனிகளுக்கு 1932இல் அவர் ஒரு விளக்க அட்டவணை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில், 1931இல், பைச்சிலந்திகள் உள்ளிட்ட நான்கு குடும்ப இந்தியச் சிலந்திகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிவன் திருமேனியின் கையமைதியை நோக்கிக் காலத்தைக் கணித்த அதே கண், சிலந்தியின் காலிலுள்ள முள்ளை நோக்கி இனத்தைக் கணித்தது. சிறியது என்று எதையும் ஒதுக்காத மனப்பான்மையே இரண்டுக்கும் அடிப்படை.

இங்கே சீட்டின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிரேவ்லி எழுதிய 'கொச்சி அரசு' இன்று இல்லை. 1949இல் அது திருவிதாங்கூருடன் இணைந்தது; 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தது; 1957இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தது. பழைய சீட்டுகளில் 'மலபார், சென்னை மாகாணம்' என்று காணும் பாலக்காட்டு நகரமும், 'கொச்சி' என்று காணும் சித்தூரும் பரம்பிக்குளமும் இன்று ஒரே மாவட்டம். 'திருவிதாங்கூர்' என்று எழுதப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் முதலில் கோட்டயம் மாவட்டத்தில் இருந்து, 1972இல் இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன. இவற்றை அறியாதவர் சீட்டைப் படித்தால் ஒரே காட்டின் சிலந்தியை மூன்று நாட்டுச் சிலந்தியாக எண்ணிவிடுவர். பரம்பிக்குளத்துக்கோ இன்னொரு புதுமையும் உண்டு. அது கேரளத்தில் இருப்பினும், இன்று அங்கே செல்லும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழகக் காட்டினூடேதான் போகிறது. அரசியல் எல்லை மனிதர் வகுத்தது; பைச்சிலந்தி அதை அறியாது. ஆனைமலையின் இப்பக்கத்து இலையில் உறங்குவதும் அப்பக்கத்து இலையில் உறங்குவதும் ஒரே குடியாக இருக்கலாம்.

ஆனால் இயற்கை வகுத்த எல்லை வேறு. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி மேற்கே சென்றவர் அனைவரும் அவ்வாயிலைக் கடந்தவரே. மலை உச்சியின் குளிர்ச் சோலைகளில் மட்டும் வாழும் உயிர்களுக்கு, வெப்பம் மிக்க அந்தத் தாழ்நிலம் கடக்க இயலாத கடலாகும். இரு கரையிலும் பிரிந்து நின்ற குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளில் வேறு வேறு இனங்களாகிவிடுகின்றன. சோலைகளில் வாழும் நீலநிறச் சிறு பறவை ஒன்று முன்னர் ஒரே இனமாகக் கருதப்பட்டது. இன்று கணவாய்க்கு வடக்கே உள்ளது ஓர் இனம், தெற்கே உள்ளது வேறோர் இனம் என்று தெளிவாகியுள்ளது. 2017இல் அவற்றுக்கு ஒரு புதிய பேரினப் பெயரும் அமைந்தது. அது 'ஷோலிகோலா', சோலை என்னும் நம் சொல்லே அதன் முதற்பகுதி.

பறவைக்குப் பொருந்தும் நியாயம் சிலந்திக்கும் பொருந்துமா? உடனே சொல்லிவிட முடியாது. சிலந்திக் குஞ்சுகள் இலை நுனியில் நின்று, மெல்லிய இழையைக் காற்றில் விட்டு, அந்த இழையோடு தாமும் மிதந்து நெடுந்தூரம் செல்ல வல்லவை. கணவாயில் வீசும் காற்றோ பெயர் பெற்றது. ஆகவே சில இனங்கள் கணவாயைக் காற்றிலேறிக் கடந்திருக்கலாம். அடர்காட்டின் ஈரத்தை விட்டு அகலாத வேறு சில கடவாமலே நின்றிருக்கலாம். இடுக்கியின் சோலையில் கிடைத்ததும் பாலக்காட்டுக்கு வடக்கே அமைதிப் பள்ளத்தாக்கில் கிடைத்ததும் ஒரே வெளிர்மஞ்சள் நிறம் என்பதால் ஒரே இனம் என்று எழுதிவிட்டால், இரண்டு உயிர்களுள் ஒன்றை ஏட்டிலிருந்தே அழித்தவர் ஆவோம். வேறு என்று அவசரப்பட்டு எழுதினாலோ, இல்லாத ஓர் உயிரைப் படைத்தவர் ஆவோம். இவ்விரு பிழைக்கும் நடுவே நடப்பதுதான் இனங்காணும் கலை.

அக்கலை நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதற்கண் சிலந்தி பருவமடைந்ததாக இருத்தல் வேண்டும். குஞ்சைக் கொண்டு பெரும்பாலும் இனம் சொல்ல இயலாது. எரிசாராயத்தில் இட்ட உடலை உருப்பெருக்கியின்கீழ் வைத்து, எட்டுக் கண்களும் இரு வரிசையாக அமைந்த விதம், காலின் நுனியில் இரண்டு நகங்களும் மயிர்க்கற்றையும் உள்ளமை ஆகியவற்றைக் காண்பர். முதற்கால் மிக நீண்டு, முதுகின் நடுவே வழக்கமாக இருக்கும் சிறு பள்ளம் இன்றி இருந்தால் 'கைரகாந்தியம்' என்னும் பேரினத்தை நினைப்பர். கடைசிக் காலே நீண்டு, முதுகுப் பள்ளமும் தெளிவாக இருந்தால் 'க்ளூபியோனா' பக்கம் கருத்து செல்லும். நூல் சுரக்கும் உறுப்பின் நுனி நீண்டு கூம்பியதா, குட்டையானதா என்பதும் சான்றாகும்.

பேரினம் தெரிந்தால் போதாது. கைரகாந்தியத்தில் மட்டும் உலகெங்கும் 200க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றைப் பிரிப்பது நிறமன்று. இனப்பெருக்க உறுப்பின் வடிவம். ஆண் சிலந்திக்கு வாயருகே இருக்கும் சிறுகை போன்ற உறுப்பின் நுனியில் கொக்கிகளும் முட்களும் உள்ளன. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு தகடும் அதன் உட்புறத்தில் சுருண்ட குழல்களும் உள்ளன. ஒவ்வோர் இனத்திலும் இவை பூட்டும் திறவுகோலும் போல ஒன்றுக்கொன்று இசைந்து அமைகின்றன என்பது பொதுவான கருத்து. பெண்ணின் தகட்டை நுண்ணூசியால் எடுத்து, காரநீரிலோ கிராம்புத் தைலத்திலோ இட்டுத் தெளியவைத்து, குழல்களின் சுருளை எண்ணி வரைவர். அரைமில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் உறுப்பின் படத்தை வரைய ஒரு முழுநாள் செல்வதும் உண்டு. 2003ஆம் ஆண்டுக்குப் பின் மரபணுவின் ஒரு சிறு பகுதியை எடுத்து ஒப்பிடும் வழியும் பரவியுள்ளது. தனித்தனியே கிடைத்த ஆணும் பெண்ணும் ஓரினமே என்று காட்ட அது பெரிதும் உதவுகிறது. ஆயினும் அதுவும் சரியாகப் பெயரறிந்த ஓர் உடலோடு ஒப்பிட்டால்தான் பயன் தரும்.

புதிய இனம் என்று முடிவு கண்டால், ஆதாரமாகிய ஓர் உடலை 'மூலமாதிரி' என்று குறித்துப் பொதுவான ஒரு நிலையத்தில் வைக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் இது உலகச் சட்டமாகவே உள்ளது. அதற்குப் பின் எவர் ஐயுற்றாலும் அந்த ஓர் உடலிடமே சென்று கேட்கவேண்டும். செத்த காலேஜில் கிடக்கும் சிலந்தி உண்மையில் சாகவில்லை. தன் இனத்தின் பெயருக்காக என்றும் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அவ்வாறு சாட்சி கேட்டுக் கேட்டுத்தான் பைச்சிலந்திகள் வீடு மாறி வந்துள்ளன. தொடக்கத்தில் வலை பின்னாமல் பையில் உறங்கும் சிலந்திகள் பலவற்றையும் ஒரே குடும்பத்தில் அடைத்திருந்தனர். அது சத்திரம் போன்றது. வந்தவர் எல்லாரும் தங்கினர், உறவினர் அல்லர். கைரகாந்தியம் அச்சத்திரத்தை விட்டு 1997இல் வேறு குடும்பத்துக்குச் சென்றது. 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பேராய்வு அதனை மற்றொரு குடும்பத்தில் சேர்த்தது. பின்னர்ச் சில ஆண்டுகளில், 1887இலேயே இடப்பட்ட பழைய பெயர் ஒன்று உண்டு என்று கண்டு, முந்திய பெயரே செல்லும் என்ற முறைப்படி குடும்பத்தின் பெயரையும் மாற்றினர். இடையில் 2001இல் கிறிஸ்டா டீல்மன்-ரைன்ஹோல்டு என்னும் டச்சு அம்மையார் தென்கிழக்காசியக் காட்டுச் சிலந்திகளைப் பற்றி எழுதிய பெருநூல், நம் மலைகளின் ஆய்வாளர்க்கும் ஒப்புநோக்க உதவியது.

பெயர் எழுதும் வழக்கில் இதற்கு ஓர் அழகிய குறி உண்டு. சிற்றினத்தின் பெயருக்குப் பின் அதனை முதலில் பெயரிட்டவர் பெயரும் ஆண்டும் வரும். அவர் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருந்தால் அப்பெயரை வெறுமனே எழுதுவர். வேறு பேரினத்துக்குப் பெயர்ந்திருந்தால் அடைப்புக்குறிக்குள் எழுதுவர். கிளெர்க்கின் பைச்சிலந்திக்கு அவர் பெயர் அடைப்புக்குறிக்குள்தான் நிற்கிறது. வீடு மாறினாலும் பெயரிட்டவரை மறக்கக்கூடாது என்பது அதன் கருத்து. ஊர்விட்டு ஊர் வந்து, பெயருக்கு முன்னே தந்தையின் பெயர் எழுத்தைத் தாங்கி வாழும் நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின் இப்பணியை நம்மவரே ஏற்றனர். 1916இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பி. கே. டிகாதர் பல்லாண்டுகள் உழைத்து இந்தியச் சிலந்திகளைப் பற்றிப் பல நூல்கள் எழுதினார். 1987இல் ஒரு கையேடும் அளித்தார். மஜும்தாருடன் சேர்ந்து 1991இல் இந்தியப் பைச்சிலந்திகளைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டார். அவ்வாய்வில் ஓர் இனத்துக்குச் செங்கல்பட்டின் பெயரையே இட்டனர். ஆனால் அதைச் சேர்த்த பேரினத்தின் ஏனைய உறுப்பினர் பெரும்பாலும் வாழ்வது அமெரிக்கக் கண்டத்தில். செங்கல்பட்டுச் சிலந்திக்கு அத்துணைத் தொலைவில் உறவு எப்படி வந்தது என்று பின்வந்தோர் கேட்பது இயல்பே. பெயர் என்பது முடிந்த தீர்ப்பு அன்று. மேல்முறையீட்டுக்கு உட்பட்ட தீர்ப்பு. இதனை ஒப்புக்கொள்வதே அறிவியலின் நேர்மை.

2005இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் இந்தியச் சிலந்திகளின் பட்டியல் ஒன்று அச்சாயிற்று. 59 குடும்பங்கள், 361 பேரினங்கள், 1,442 சிற்றினங்கள் என்று அது கணக்கிட்டது; இன்று அத்தொகை இன்னும் பெருகியுள்ளது. 2009இல் பி. ஏ. செபாஸ்டியனும் கே. வி. பீட்டரும் இந்தியச் சிலந்திகளைப் பற்றி ஒரு பெருநூலைத் தொகுத்தனர். கேரளத்தில் தேவரை, இரிஞ்ஞாலக்குடா ஆகிய ஊர்களின் கல்லூரிகள் சிலந்தி ஆராய்ச்சியில் பெயர் பெற்று விளங்குகின்றன. உலகச் சிலந்திகளின் பெயரேடு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேணப்படுகிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000ஆவது சிற்றினம் பதிவாயிற்று. பாரிஸுக்கும் இலண்டனுக்கும் குப்பியை அனுப்பிக் காத்திருந்த நிலை மாறி, நம் மலைச் சிலந்திக்கு நம் மலையடிவாரத்துக் கல்லூரியிலேயே பெயர் எழுதப்படும் காலம் வந்துள்ளது.

ஆயினும் செய்யவேண்டியது மிகுதி. பழைய நூல்களில் பெண் மட்டும் கூறப்பட்ட இனங்களுக்கு ஆணைக் கண்டறிய வேண்டும். ஆண் மட்டும் கூறப்பட்டவற்றுக்குப் பெண்ணைக் கண்டறிய வேண்டும். கடல்கடந்து கிடக்கும் மூலமாதிரிகளை மீண்டும் நோக்கிப் படம் வரைய வேண்டும். பரம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. புலிக்காகக் காக்கப்படும் காட்டில் சிலந்தியும் காக்கப்படுகிறது. ஆனால் காப்பகத்துக்கு வெளியே, தோட்டங்களின் ஓரத்திலும் ஓடைக்கரையிலும் எஞ்சி நிற்கும் சிறு சோலைகளுக்கு அத்தகைய காவல் இல்லை. ஒரு சோலை அழியும்போது அதில் எத்தனை உயிர்கள் மறைந்தன என்று கணக்குச் சொல்ல, முதலில் அவற்றுக்குப் பெயர் இருக்கவேண்டும். பெயரில்லாத உயிருக்கு இழப்புக் கணக்கும் இல்லை.

கேட்கும் அன்பர்களுள் சிலர் பாலக்காட்டிலோ மூணாற்றிலோ குமுளியிலோ வாழ்பவராக இருக்கலாம். சிலர் பம்பாயிலோ தில்லியிலோ பெங்களூரிலோ இருக்கலாம். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓர் இலை மடிந்து, உள்ளே வெண்பட்டுப் பை தெரிந்தால், அதைக் கிழித்து எறியாதீர்கள். கையால் தொடாமல் சற்று நின்று நோக்குங்கள். இயலுமானால் ஒரு படம் எடுத்து, எந்தச் செடி, எந்த ஊர், எந்த நாள் என்று எழுதி வையுங்கள். படத்தை மட்டும் கொண்டு சிற்றினத்தை உறுதி செய்தல் பெரும்பாலும் இயலாது; ஆயினும் ஆராய்ச்சியாளர் எங்கே தேடவேண்டும் என்பதை அது காட்டும். காப்புக்காடுகளில் அனுமதியின்றி எதையும் பிடித்தல் ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

1914இல் ஒருவர் பரம்பிக்குளத்துக் காட்டில் அமர்ந்து ஒரு சீட்டில் ஊரின் பெயரையும் நாளையும் மறவாமல் எழுதினார். அவர் எழுதிய அரசு மறைந்தது, தண்டவாளம் மறைந்தது, ஊரின் பெயர் மட்டும் நிற்கிறது. அந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு இன்றும் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் அதே காட்டுக்குச் சென்று அதே உயிரைத் தேட முடிகிறது. "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு உண்மையான விடை எழுதிவைப்பது எளிய செயலே. ஆயினும் ஒரு சிற்றுயிரின் பெயர் முழுவதும் அவ்விடையின்மேல்தான் நிற்கிறது.